நூற்றுப் பன்னிரண்டு நாள் மூடிய வாய்

ஐயா, வாக்குமூலம் எழுதுகிற அவசரத்தில் கவனித்திருக்க மாட்டீர்கள், உங்கள் சட்டையில் இரண்டாவது பொத்தான் தொங்குகிறது. எங்கள் பக்கத்து வீட்டுத் தையல் டீச்சர் இருந்திருந்தால் நீங்கள் நின்ற வாக்கிலேயே தைத்து விட்டிருப்பார். நல்ல கை. வாய்தான் கொஞ்சம் கூர்மை.

எனக்கு ‘ஒலிபெருக்கி’ என்று பேர் வைத்தவரே அவர்தான். யார் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பதுவரை நான் தெரிந்துவைத்திருப்பேன், அது உண்மை. அதற்காக மாடிப்படியில் நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டுமா?

“உன் வாயில ஒரு விஷயம் ஒரே ஒரு நாள் தங்கட்டும், நான் மெஷினையே தூக்கிப் போட்டுடறேன்டி” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஆஸ்பத்திரியில் எனக்கு ரிப்போர்ட் கவுண்டரில் வேலை. லேபிலிருந்து வரும் தாளை எண் பார்த்துக் கோப்பில் சேர்க்க வேண்டும். அந்த டீச்சர் அக்காவுக்கு ரத்தப் புற்றுநோய் என்று முதல் தாள் வந்தது. மெதுவாக வளர்கிற வகை, பார்த்துக்கொண்டே இருப்போம் என்றார் டாக்டர். ஆனால் அக்காவுக்கு இடுப்பெலும்பு வலித்தது. இந்த நோய்க்கு அந்த வலி பொருந்தவில்லையே என்று எலும்பு மஜ்ஜையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்.

இரண்டாவது தாளில் இன்னொரு புற்றுநோய். மஜ்ஜையில் உட்கார்ந்துகொண்டு எலும்பையும் சிறுநீரகத்தையும் தின்கிற வகை. உடனே மருந்து தொடங்க வேண்டியது. ஒரே எண்ணுக்கு இரண்டு நோய் வந்தால், தாள் மாறிவிட்டது என்று ஒதுக்கிவைப்பது எங்கள் கவுண்டர் வழக்கம். லேபுக்குப் போன் போட்டேன்.

“மாறலம்மா. ரெண்டுமே அவங்களுக்குத்தான். அபூர்வமா அப்படி வரும். சீக்கிரம் டாக்டர்கிட்ட குடுத்துடுங்க” என்றார் டெக்னீஷியன்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தெருவில் ஒருவருக்கும் தெரியாத சேதி, என் கையில். நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தேன். ஒரே ஒரு நாள் என்றுதான் நினைத்தேன்.

டாக்டர் கேட்டதற்கு, “வேற ஆளோடது மாறி வந்துடுச்சு சார், திருப்பி அனுப்பிட்டேன்” என்றேன். அடுத்த முறை கேட்டபோது, “மறுபடி மஜ்ஜை எடுக்க ஊசி வேணாம்னுட்டாங்க அக்கா” என்றேன். ஒரு நாள் பத்தானது, பத்து ஐம்பதானது. வாய்க்குள் மிட்டாயை ஒதுக்கிவைத்த மாதிரி படியேறுவேன். தனியாகச் சிரித்துக்கொள்வேன். அக்கா இடுப்பைப் பிடித்தபடி எதிரே வருவார்.

“ஏதாவது வந்துச்சாடி?”

“ஒண்ணும் வரலக்கா.”

எப்பேர்ப்பட்ட கட்டுப்பாடு, பாருங்கள்.

பிறகு அவர் முதுகெலும்பு நொறுங்கியது, சிறுநீரகம் நின்றது. வார்டில் சேர்த்த பின்தான் இரண்டாவது நோயையும் கண்டுபிடித்தார்கள். பழைய தாள் எங்கே என்று என்னைச் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். படுக்கையிலிருந்து அக்காவே தடுத்தார்.

“அவளை விடுங்க. அவகிட்ட இருந்திருந்தா இந்நேரம் தெருவுக்கே தெரிஞ்சிருக்கும்.”

எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான், ஐயா. எல்லோரும் போன பிறகு தாளை எடுத்து அவர் கண்ணெதிரே பிரித்துப் பிடித்தேன்.

“நூத்திப் பன்னெண்டு நாள் அக்கா. ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல.”

அவர் தாளைப் படித்தார். என்னைப் பார்த்தார். அதன்பின் இரண்டு நாள் உயிரோடு இருந்தார்; ஒரு வார்த்தை பேசவில்லை. தோற்றதை ஒப்புக்கொண்டார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.