இருபது கிராம்

எனக்குத் தண்ணீர் வேண்டாம் அம்மா, வீட்டிலேயே குடித்துவிட்டுத்தான் வந்தேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற என் மகளுக்கு வேண்டுமானால் கொடுத்தனுப்புங்கள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட அவள் பல்லில் படவில்லை.

அவள் உங்கள் நாய் வளர்ப்போர் சங்கத்துக்கு எழுதிய கடிதத்தில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன். உங்கள் நாய்க் கண்காட்சிப் போட்டியன்று காலையில் நாய்க்கு ஒரு முட்டை கொடுத்ததாக எழுதியிருக்கிறாள். ஒரு முட்டை இல்லை, அரை முட்டை. கூடிப்போனால் இருபத்தைந்து கிராம். முப்பத்தொரு வருடம் கடைகடையாக ஏறி இறங்கி, தராசுகளைச் சோதித்து முத்திரை வைத்தவன் நான். 'சார்' என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால் எனக்குப் பெயர் 'கிராம்'. 'கிராம் வரான்' என்றால் தெருக்கோடிக் கறிக்கடை வரைக்கும் எடைக்கல்லை மாற்றி வைப்பார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. பத்து கிராமை விட்டுக்கொடுக்கிறவன் நாளைக்கு எதையும் விட்டுக்கொடுப்பான்.

மகளுக்குப் பதினாறு வயதில் அந்தக் குட்டியை வாங்கிக் கொடுத்தேன். பிரெஞ்சு புல்டாக். சான்றிதழில் முழ நீளத்துக்கு ஒரு பெயர், வீட்டில் பட்டாணி. மூக்கும் முழியுமாக என்று குழந்தைகளைச் சொல்வோம் இல்லையா, இதற்கு முழி மட்டும்தான். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மடிப்பு. உங்கள் சங்கம் கேட்பதும் அதைத்தானே? உங்கள் இனத் தரக் குறிப்பு எனக்குத் தலைகீழ்ப் பாடம். வௌவால் காது, சதுரத் தலை, உள்ளடங்கிய மூக்கு. எடை பன்னிரண்டு கிலோ எழுநூறு. ஒரு கிராம் கூடினாலும் தகுதி நீக்கம். எழுதியவர் யாரோ தெரியாது, ஆனால் என் இனம்.

பட்டாணி தூங்கினால் அடுத்த அறைக்குக் கேட்கும். மாட்டு டாக்டர் என்று ஊரே சொல்லும் எங்கள் கால்நடை மருத்துவர் ஒருநாள் அதன் மூக்குத் துளையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், இதுங்களுக்கு நம்மள மாதிரி வேர்க்காது. நாக்க நீட்டி இரைச்சுத்தான் சூடு தணியணும். இதுக்கு அதுக்கும் வழியில்ல. சின்ன ஆபரேஷன், தொளையக் கொஞ்சம் பெருசாக்கி விட்டுடலாம்."

மகள் என் முகத்தைப் பார்த்தாள். "பண்ணிடலாம்பா. பாவம்பா."

கத்தி பட்ட நாய் களத்தில் இறங்க முடியாது. அதுவும் உங்கள் குறிப்பில்தான் இருக்கிறது. முடியாது என்றேன். அன்றுதான் அவள் கால்நடை மருத்துவம் படிக்கப்போவதாகச் சொன்னாள். என் மேல் இருந்த எரிச்சலில் எடுத்த முடிவுதான், ஆனாலும் இடம் கிடைத்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

போட்டியன்று காலை எட்டு மணிக்கு எடை போட்டேன். பன்னிரண்டு கிலோ தொள்ளாயிரத்து அறுபது. மதியம் ஒரு மணிக்கு உங்கள் தராசு. மூன்று வருட உழைப்பு இருநூற்றறுபது கிராமில் போகப் பார்த்தது. போன வருடம் மூக்கு இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருக்கலாம் என்று மூன்றாம் இடம் கொடுத்தீர்களே, அந்த வயிற்றெரிச்சல் வேறு.

சலவைக்கடையில் கோட்டை வாங்கி வா, அப்படியே அத்தையையும் பார்த்துவிட்டு வா என்று மகளை அனுப்பினேன். தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து மேலே வைத்தேன். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஜன்னலை அடைத்து, கம்பளியைச் சுற்றி நாயை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன். ஈரம் மூச்சில்தான் போகும் என்றால் மூச்சிலேயே போகட்டும். டாக்டர் சொன்னதை நான் மறக்கவில்லை. அவர் சொன்னதை வைத்துத்தான் செய்தேன்.

கதவைப் பிராண்டியது. கொஞ்ச நேரத்தில் பழகிவிடும் என்று இருந்தேன். பழகிவிட்டது, அரை மணியில் சத்தம் நின்றுவிட்டது. கால் மணிக்கு ஒருமுறை திறந்து எடை பார்த்தேன். முதல் மூன்று தடவை தானாகத் தராசில் ஏறி உட்கார்ந்தது. நல்ல பழக்கம், மகள் சொல்லிக்கொடுத்தது. அதற்குப் பிறகு நான்தான் தூக்கி வைத்தேன்.

பத்தே காலுக்குச் சரியாகப் பன்னிரண்டு எழுநூறு. நாக்கு நாவல்பழ நிறத்தில் இருந்தது, வால் முனை மட்டும் அசைந்தது. என்னைப் பார்த்துத்தான் ஆட்டியது. அப்போதே நிறுத்தியிருக்கலாம், அம்மா. ஆனால் எந்தத் தராசுக்கும் இருபது கிராம் முன்னேபின்னே பிழை உண்டு. என் தராசில் எழுநூறு என்றால் உங்கள் தராசில் எழுநூற்று இருபது காட்டலாம். இந்தத் தொழிலில் இல்லாத ஒருவனுக்கு அது தோன்றியிருக்காது. மறுபடி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன்.

பத்தரைக்குத் திறந்தபோது உயிர் இல்லை. எடை போட்டேன். பன்னிரண்டு அறுநூற்று எண்பது. என் கணக்கில் தவறில்லை.

துடைத்து, அதன் மெத்தையில் கிடத்தி, வெந்நீர்க் குழாயை மூடினேன். மகள் கோட்டை மடித்துக் கையில் போட்டபடி வந்தாள். மெத்தையருகே மண்டியிட்டவள் அழவில்லை. "என்னாச்சுப்பா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"காலையில என்ன குடுத்த அதுக்கு?"

"முட்டைப்பா. பாதிதான்பா. ரொம்பப் பாவமா பாத்துச்சு."

"வயித்துல ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். தொண்டையில அடைச்சிருக்கும்."

அவ்வளவுதான் சொன்னேன். நாய் ஈரமாக இருந்ததை அவள் கவனிக்கவில்லை, அல்லது கவனிக்கத் தெம்பில்லை. ஒரு வாரத்தில் கல்லூரிக்கு எழுதி இடத்தை வேண்டாம் என்றாள். ஒரு உயிரைக் கொன்ற கையால் இன்னொன்றைத் தொட மாட்டாளாம். நாய் செத்தது தன்னால்தான் என்று உங்களுக்கும் கடிதம் போட்டாள். அரை முட்டை அதில் முழு முட்டை ஆகிவிட்டது. குற்ற உணர்ச்சிக்கு எடை தெரியாது போலிருக்கிறது.

இப்போது உங்களுக்கு எல்லாம் தெரியும். நான்தான் செய்தேன். பழியை அவள் மேல் போட்டதும் நான்தான். என் பெயரை எடுத்துவிடுங்கள், தடை போடுங்கள், போலீசுக்கும் எழுதுங்கள். ஆனால் அவளுக்குச் சொல்ல வேண்டாம். நாய்தான் போயிற்று; அப்பா என்று ஒருவனாவது அவளுக்கு மிஞ்ச வேண்டாமா? அவள் நன்மைக்குத்தான் கேட்கிறேன். கடிதத்தில் ஒன்றை அரை என்று மட்டும் திருத்திக்கொள்ளுங்கள், போதும்.

எழுந்திருக்காதீர்கள் அம்மா. அவள்தான் தட்டுகிறாள், கேட்கிறது. கதவு சாத்தியே இருக்கட்டும். கொஞ்ச நேரத்தில் பழகிவிடும்.