அசையாத ஆறு புள்ளி ரெண்டு

இல்ல தம்பி, நான் நின்னுக்கிறேன், நீங்க வேலையப் பாருங்க. ஆவுடையார்கோவில்லேருந்து இந்த லேப்டாப்ப மடியில வச்சுக்கிட்டு பஸ்ஸுல உக்காந்துதான வாரேன். பிராங்க்ளின்னு போர்டுல போட்டிருக்கே, நீங்கதானா? சரி சரி. எனக்கு ஒன்னே ஒன்னு தெரியணும், ரிப்பேரு அப்பறம் பாத்துக்கலாம். பரீட்சை எழுதிக்கிட்டு இருக்கயில ஒரு புள்ள தெரியாம எதையாச்சும் அமுக்கிருச்சுன்னா, இது பட்டுன்னு அணைஞ்சு போவுமா?

உள்ள யாரு கைய வச்சதா? நாந்தான். ஏன், பாத்தாலே தெரியுதா? ஸ்பீடு ஏத்துனேன். ஓவர்க்ளாக்குங்கிறாங்கள்ல, அதான். யூடியூப்பப் பாத்துத்தான் செஞ்சேன். சிரிக்காதீங்க தம்பி, நான் ஒன்னும் தெரியாத ஆளு கெடையாது. குவைத்துல பதினாலு வருசம் ஏசி மெக்கானிக்கு. எம்பொண்ணு தேவிப்ரியாவுக்குன்னு அங்க ஒருத்தன்கிட்ட பழசா வாங்கிட்டு வந்தேன் இதை. கேம் வெளையாடுற மாடலு, அதான் ஸ்பீடு ஏத்த வழி வச்சிருக்கான்.

இன்ஜினியரிங் முடிச்சுட்டு ரெண்டு வருசமா வேலை தேடுறா. சென்னையில ஒரு கம்பெனி, மூணு ரவுண்டு தாண்டிட்டா. கடைசி ரவுண்ட வீட்டுலேருந்தே எழுதணும். ஒன்றரை மணி நேரம். கேமரா ஓடிக்கிட்டே இருக்கணும், நடுவுல அணைஞ்சா அவுட்டு, மறு பேச்சே கெடையாது. பரீட்சைக்கு மொத நாளு, லேப்டாப் கொஞ்சம் மெதுவா இருக்குப்பான்னா. அம்புட்டுதான் சொன்னா. நீ படி, நான் பாத்துக்கிறேன்னு அவகிட்டேருந்து வாங்கி வச்சுக்கிட்டேன். பெரிய இவனாட்டம்.

இதுல கூடவே ஒரு ப்ரோகிராம் வருதுல்ல, மெஷினுக்கு மார்க்கு போடுறது. பத்துக்கு ஆறு புள்ளி ரெண்டுன்னு காட்டுச்சு. ஒரு படி ஏத்துனேன். அணைச்சுப் போட்டுப் பாத்தா அதே ஆறு புள்ளி ரெண்டு. சரி, பத்தல போலன்னு இன்னொரு படி. அப்பயும் ஆறு புள்ளி ரெண்டு. எனக்குக் கடுப்பாயிருச்சு. ஏசிக்கு கேஸ் ஏத்துனா மீட்டரு முள்ளு அப்பயே நகரும், இது என்னடா எருமை மாதிரி நிக்குதுன்னு மூணாவது படி, நாலாவது படி. அந்த வீடியோக்காரன் ரெண்டோட நிறுத்துன்னுதான் சொன்னான். நான் கேக்கல.

என்னது? பழைய மார்க்கா? அப்ப தொறக்கும்போதெல்லாம் புதுசா அளக்காதா? நாமதான் அமுக்கி அளக்கச் சொல்லணுமா? எங்க, தேதியக் காட்டுங்க. இது நான் வாங்குறதுக்கு முந்துன தேதியால்ல இருக்கு. இதை வச்சிருந்த மொத ஆளு என்னைக்கோ போட்ட மார்க்கு. அட கடவுளே. அப்ப இது மீட்டரே இல்ல தம்பி, ஸ்டிக்கரு. ஏசி மேல ஸ்டாரு ஒட்டியிருப்பான்ல, உள்ள கம்ப்ரசரு செத்தாலும் அஞ்சு ஸ்டாரு அப்புடியே இருக்கும். நான் ஸ்டிக்கரப் பாத்துப் பாத்து கேஸ் ஏத்தியிருக்கேன்.

சரி, இப்ப அளங்க. முடிஞ்சிருச்சா, ஒரு நிமிசந்தானா? எட்டு புள்ளி ஒன்னு! பாத்தீங்களா, ஏறித்தான இருக்கு. என்ன தலைய ஆட்டுறீங்க, இதையும் நம்பக் கூடாதா?

ஆமா. ஒரு நிமிசத்துல சூடு ஏறாது. போதும், நீங்க சொல்ல வேணாம், இது என் தொழிலு. அஞ்சு நிமிசம் ஓட்டுனா எந்த ஓட்ட ஏசியும் ஜில்லுன்னுதான் அடிக்கும். அங்க புது ஏசி மாட்டுனா நாலு மணி நேரம் ஓடவிட்டுப் பாக்காம கையெழுத்துப் போட மாட்டேன். சூப்பர்வைசரு கத்துவான், கத்திட்டுப் போடான்னு நிப்பேன். ஊரான் வீட்டு ஏசிக்கு நாலு மணி நேரம் நின்னவன், எம்பொண்ணு பரீட்சைக்கு அரை மணி நேரம் ஓட்டிப் பாக்கல தம்பி.

இப்ப என்னமோ போட்டு விடுறீங்க, விசிறி இந்தக் கத்து கத்துது. பாரம் குடுத்துப் பாக்குறீங்களா? பாருங்க, பாருங்க. நான் வாசல்ல நிக்கிறேன். இல்ல, இங்கிட்டே நிக்கிறேன். டீயெல்லாம் வேணாம். மணி என்ன இப்ப? அடியில தொட்டுப் பாருங்களேன், கொதிக்குது.

அணைஞ்சிருச்சு! எத்தனை நிமிசம்? பதினெட்டா? பரீட்சை அன்னைக்கும் இருபது நிமிசத்துக்குள்ளதான் அணைஞ்சுச்சு. தம்பி, நீங்க கீபோர்டத் தொடலைல? எதையும் அமுக்கலைல? தொடல, நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

ஒரு ஒதவி பண்ணுங்க. ஆறுனதும் இன்னொரு தடவ ஓடவிடுங்க, நான் போன்ல வீடியோ எடுத்துக்கிறேன். ஒங்க கை ரெண்டும் தெரியிற மாதிரி தள்ளி வச்சுக்கங்க. அணையிற வரைக்கும் எடுக்கணும். ஏத்துனதையெல்லாம் எறக்கிக் குடுங்க, ஆனா வீடியோ எடுத்ததுக்கு அப்பறம்.

எதுக்கா? அன்னைக்கு ரூமை விட்டு அழுதுக்கிட்டே வெளிய வந்தா. என்னத்தடி அமுக்குனன்னு கேட்டேன். ஒன்னும் அமுக்கலப்பான்னா. மெஷினு மேல எனக்குச் சந்தேகமே வரல, நான்ல சரி பண்ணிக் குடுத்தது. பொய் சொல்றியான்னு கைய ஓங்குனேன். ஓங்குனது என்ன, அடிச்சுட்டேன், கன்னத்துலயே ரெண்டு. அத்தனை வளந்த புள்ளைய. மூணாவதுக்குக் கையத் தூக்குறப்ப, ஆமாப்பா, எதையோ அமுக்கிட்டேன்னு ஒத்துக்கிட்டா.

பதினோரு நாளாச்சு. யாரு கேட்டாலும் அதையேதான் சொல்றா, அவங்கம்மாகிட்டயும் அதேதான். நேத்து வேற கம்பெனிக்கு எழுதச் சொன்னேன். வேணாம்ப்பா, நான் மறுபடி எதையாச்சும் அமுக்கிருவேங்கிறா.