துவைக்கலாமா என்று பியூலா கேட்டாள்

திரைச்சீலை வாங்க வருகிறவர்கள் நிறத்தைத்தான் பார்ப்பார்கள், சார். தீப்பிடிக்குமா என்று கேட்ட ஒருவரையும் நான் கண்டதில்லை. ஜனங்களுக்கு அவ்வளவு தைரியம். நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. இந்தப் போலீஸ் ஸ்டேஷன் படியேறத் தயங்கியதுகூட அதனால்தான், வேறெதுவும் இல்லை.

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்திலிருந்து ரயிலேறி பெங்களூர்ப் பக்கம் ஒரு துணி ஆலைக்கு வேலைக்குப் போகிறேன். பாலியெஸ்டர் துணியைத் தீத்தடுப்பு மருந்தில் முக்கி எடுக்க வேண்டும். முக்கினால் மட்டும் போதாது. பிழிந்து, உலர்த்தி, பெரிய மெஷினில் விட்டு நல்ல சூடு காட்ட வேண்டும். அந்தச் சூட்டில்தான் மருந்து நூலுக்குள் இறங்கும். இல்லாவிட்டால் மேலாக ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தத் துணியிலும் தீக்குச்சி வைத்தால் தீ அணைந்துவிடும். ஆனால் ஒரு துவைப்பில் மருந்தெல்லாம் தண்ணீரோடு போய்விடும்.

எங்கள் சபைக்குப் புதிய மேடைத் திரை வாங்கினார்கள். பிள்ளைகள் மெழுகுவர்த்தி பிடிக்கிற இடம், மருந்து போட்டுக் கொடு என்று பாஸ்டர் என்னிடம் கொடுத்தார். ஷிப்ட் முடிந்து முக்கிக்கொள்ள முதலாளி சம்மதித்தார். சூடு காட்டும் மெஷின் அன்று காலியாக இல்லை. காத்திருந்தால் ரயில் போய்விடும். ஃபேனடியில் உலர்த்தி, மூட்டை கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். அவ்வளவுதான் நடந்தது.

ஞாயிறு ஆராதனையில் திரையின் ஓரத்தில் தீக்குச்சி வைத்துக் காட்டினேன். பொசுங்கி அணைந்தது. கை தட்டினார்கள். மேக்ஸ்வெலுக்காக ஸ்தோத்திரம் என்று பெயர் சொல்லி ஜெபித்தார்கள். என்னை அதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

கிறிஸ்துமஸ் நெருங்கினால் எங்கள் லைன் வீடுகளில் துவைக்காத துணி இருக்காது. எங்கள் சபைக் கோவிலுக்கும் வெள்ளையடித்தார்கள். ஒருநாள் ஆராதனை முடிந்து எல்லோரும் வாசலில் நிற்கும்போது பியூலா வந்தாள். பெண்கள் ஐக்கியத்துக்கு அவள்தான் தலைவி.

"அண்ணா, ஸ்கிரீன்லாம் ஒரே சுண்ணாம்புத் தூசு. துவைக்கலாமா? மருந்து போயிடாதே?"

பாஸ்டரும் என்னைப் பார்த்தார்.

"தாராளமா துவைம்மா. இன்னா ஆவப் போவுது?"

அத்தனை பேர் முன்னால் வேறென்ன சொல்வது? அவள் துவைத்த அன்று கொடியில் திரை காய்ந்துகொண்டிருந்த வழியே போகாமல் சுற்றிப் போனேன். திரும்ப எடுத்துப் போய்ச் சூடு காட்டலாம் என்று நினைத்தேன். ஏன் என்று கேட்பார்களே. எல்லாத் துணியுமா எரிந்துவிடுகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கிறிஸ்துமஸ் நாடகத்தன்று தேவதை வேஷத்துப் பிள்ளைகள் மெழுகுவர்த்தியோடு திரைக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். ஒரு சுடர் திரையைத் தொட்டது. பாலியெஸ்டர் எரியும்போது உருகிச் சொட்டும், சார். நீங்கள் போட்டோவில் பார்த்திருப்பீர்கள். மற்ற பிள்ளைகளை இழுத்துவிட்டார்கள். பியூலாவின் மகள் ரெபேக்கா மட்டும் ஓரமாக நின்றிருந்தாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் பியூலா என் வீட்டுக்கு வந்தாள்.

"நான் சோப்பு ஜாஸ்தி போட்டுட்டேன் அண்ணா. ரெண்டு தபா அலசினேன். அதனாலதானே மருந்து போச்சு? நானே எம்பொண்ண கொன்னுட்டேனா?"

அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அவள் தலையில் கைவைத்து, "தெரியாம செஞ்சதுக்கு கர்த்தர் மன்னிப்பாரும்மா" என்றேன். என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த நேரத்தில் அவளுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல நான் இருந்தது நல்லதுதான்.

எரியும் என்று எனக்கு முன்பே தெரியுமா என்று கேட்கிறீர்கள். சத்தியமாகத் தெரியாது. தெரிந்திருந்தால் எந்த மனிதனாவது சும்மா இருப்பானா?

என் மகள் ஜெனிட்டாவா? ஆமாம், அவளுக்கும் தேவதை வேஷம்தான். ரெபேக்காவுக்குப் பக்கத்து இடம். அன்று அவள் வரவில்லை, காய்ச்சல். இறக்கையெல்லாம் ஒட்டி வைத்துக்கொண்டு துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தாள், பாவம். காலையில் நான்தான் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, உனக்குக் காய்ச்சல் என்று சொன்னேன்.