மடிந்து கிடந்த பிடி

இரத்தோட்டையிலிருந்து மாத்தளைக்குப் போகும் பஸ். என் பின் சீட்டில், தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் வேலை செய்பவர் தன் மச்சானிடம் மெதுவாகச் சொன்னார்:

"துரை பத்திரமா போகட்டும்னுதான் இறுக்குனேன்."

"எதை?"

"புதுச் சைக்கிள்ல, முன் சக்கரத்து அச்சுல, நட்டுக்குப் பதிலா குட்டி ஸ்பிரிங்கும் ஒரு பிடியும். பிடி மடிஞ்சு கெடந்துச்சு. நிமித்தி, நட்டு மாதிரி சுத்தி விட்டேன்."

"அது சுத்துறதில்ல மச்சான். மடிச்சாத்தான் சக்கரத்தைப் பிடிக்கும்."

"எறக்கத்துல சக்கரம் கழண்டு, துரைக்குக் கை முறிஞ்ச பொறகுதான் தெரிஞ்சுச்சு. பங்களாத் தோட்டக்காரன் வேலைன்னு நெனச்சு, அவனுக்குப் பத்துச்சீட்டு குடுத்து வேலையை விட்டே அனுப்பிட்டாரு. அவன்கிட்ட இருந்த சைக்கிள் ரூம் சாவி இப்ப என்கிட்ட."

"நீ உண்மையைச் சொல்லலையா?"

பஸ்ஸின் முன் வரிசையில், தகரப்பெட்டியை மடியில் வைத்திருந்தவர் அவரைத் திரும்பிப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"வேலை போன என்னைய நீங்க ஒருத்தராவது வழியனுப்ப வந்தீங்களே அண்ணே."