மணல் நீட்டிய நாக்கு

— அண்ணி, இன்னும் எத்தனை தடவைதான் அந்தக் கல்லைக் குளிப்பாட்டுவீங்க? சளி பிடிச்சிடப் போகுது அதுக்கு.

— நனைச்சாத்தான்டா அடுக்கு தெரியும். டார்ச்சை ஆட்டாம பிடி.

— நான் ஆட்டலை. நீங்கதான் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கறீங்க. ஆஸ்பத்திரி கட்டப் போறவங்க வர்ற நேரம். ‘இடம் சரியா இருக்கு’ன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா வேலை முடிஞ்சுது.

— சொல்லிடலாம்...

— அப்புறம் என்ன இழுவை?

— இந்தக் கல் எங்கேருந்து வந்துச்சு?

— என்னையா கேக்குறீங்க? துளை போட்டதே நான்தானே! மைதானத்து நடுவுல. மேல்மண்ணைத் தாண்டினதும் குழாய்ல வந்த கல்லை மேலேருந்து கீழ வரிசையா அடுக்கின முதல் பெட்டி.

— அந்த மைதானம் ஏன் அவ்வளவு சமமா இருக்கு?

— ஆரம்பிச்சிட்டீங்களா! வீட்டுல சோறு போடும்போதும் இதே பாடம். ஏரி. ஒரு காலத்துல ஏரி. ரெண்டு மலைக்கு நடுவுல தரை கொஞ்சம் கொஞ்சமா இறங்குச்சு, சேறு வந்து நிரம்புச்சு, சேறு கல்லாச்சு. பாஸா?

— பாஸ். இதைப் பாரு. சீப்பால வாரின மாதிரி நேரா, மெல்லிசா. ஏரி நிம்மதியா இருந்த காலம். அதுக்கு அந்தாண்ட?

— ...கொஞ்சம் கலைஞ்சிருக்கு.

— கொஞ்சமா? பிசைஞ்ச மாவு மாதிரி சுருண்டு கிடக்கு. சேறு ஈரமா இருந்தப்பவே பூமி குலுங்கியிருக்கு.

— தெரியும் அண்ணி. ஆனா அது பெட்டியோட அடிப்பக்கம். ரொம்பப் பழசு. அதுக்கப்புறம் ஆட்டமே இல்லை, எல்லாம் நேர்க்கோடு. நீங்களே அப்படித்தானே சொன்னீங்க?

— சொன்னேன். அடியில இருந்தா பழசுதான்.

— அப்ப விடுங்களேன்! அப்பாவுக்கு ரத்தம் சுத்தம் பண்ண ஒவ்வொரு தடவையும் மலை தாண்டிக் கூட்டிட்டுப் போறது யாரு? அண்ணனா? அவன் வெளியூர்ல இருந்துக்கிட்டு போன்ல விசாரிப்பான். நீங்களும் நானும்தான். போன வாரம் பஸ்லயே மயங்கி என் மேல சாஞ்சாரு. இங்க ஆஸ்பத்திரி வந்தா...

— நடந்தே போயிடுவாரு மாமா. எனக்குத் தெரியாதா?

— இந்த இடம் சரியில்லைன்னா அவங்க வேற ஊரைப் பார்த்துப் போயிடுவாங்க.

— தெரியும்டா, கத்தாதே.

— நான் எங்க கத்தினேன்!

— இங்க வெளிச்சம் காட்டு. இந்த வெள்ளை மணல். குலுங்கும்போது அடியில இருக்குற மணல் தண்ணியோட பீறிக்கிட்டுப் போய், மேல இருக்குற சேத்துக்குள்ள நாக்கு நீட்டும்.

— சரி.

— நாக்கு எந்தப் பக்கம் நீட்டும்?

— ...மேல.

— இங்க எந்தப் பக்கம் நீட்டியிருக்கு?

— வண்டிச் சத்தம் கேக்குது அண்ணி. அவங்களாத்தான் இருக்கும்.

— கேட்டதுக்குப் பதில் சொல்லு.

— ...கீழ. ஒண்ணு ரெண்டு அப்படியும் இருக்கும்ல?

— எல்லாமே கீழதான் பார்க்குது.

— அன்னைக்கு நல்ல மழை. குழாய்லேருந்து தட்டி வெளியே எடுக்குறப்ப... கூட இருந்தவங்க யாராவது மாத்தி அடுக்கியிருப்பாங்க.

— கூட இருந்தவங்களா?

— அப்படிப் பார்க்காதீங்க அண்ணி.

— நான் கல்லைத்தான் பார்க்குறேன்.

— அதான் இன்னும் பயமா இருக்கு... சரி, நான்தான். போதுமா? வெளியே எடுத்ததுமே பார்த்தேன். அந்தச் சுருட்டல் உச்சியிலேயே இருந்துச்சு, மண்ணுக்கு நேர் கீழ. ஏரிக் கணக்குல அது நேத்து நடந்தது. நேத்து குலுங்கினது நாளைக்கும் குலுங்கும்னு நீங்க சொல்வீங்க, ஆஸ்பத்திரி போயிடும். எல்லாரும் மழைக்கு ஒதுங்கின நேரத்துல தலைகீழா அடுக்கிட்டேன். அப்பா முகம் தவிர வேற ஒண்ணும் கண்ணுல தெரியலை எனக்கு... திட்டுங்க.

— எந்த வாயால திட்டுறது? பெட்டியைத் திறந்த அன்னைக்கே பார்த்துட்டேன். பார்த்துட்டு, துணியைப் போட்டு மூடிட்டு, வீட்டுக்கு வந்து மாமாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். ‘அடியில இருந்தா பழசு’ன்னு உன்கிட்ட சொன்னது அதுக்கப்புறம்தான். நானும் ஆசைப்பட்டேன்டா, உன்னைவிட அதிகமா. ஆனா ஊசியும் குழாயுமா படுத்துக் கிடக்குறவங்க மேல கூரை இறங்கினா யாரு எழுந்து ஓடுவாங்க? மாமா ஓடுவாரா?... வந்துட்டாங்க. அந்த முனையைப் பிடி. அவங்க பார்க்கவே கல்லைச் சரியாத் திருப்பி வைப்போம்.