சீடை டப்பாவும் டார்ட்ஸ் டப்பாவும்

காலை ஏழு இருபதுக்கு, காரைக்குடியில் மதுரை பஸ் கிளம்பும் நேரத்தில், எனக்கு முன்சீட்டில் இருந்த பெண் தன் பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள்.

“ஆத்தா, இது சீடை. பதினோரு மணிக்குப் போட்டி. பலகையில சீடையவா எறிவேன்?”

“மலேயா டப்பா ரெண்டும் ஒண்ணுபோல இருந்துச்சு. டார்ட்ஸ் அம்பை அடுப்படியில ஏன் வச்ச?” என்றாள் தாய்.

“அப்பச்சி பாத்தா பிடுங்கி வச்சுருவாகன்னுதான்.”

அவள் கண் கலங்கியது. எனக்கும் ஒரு மகள் உண்டு; பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தேன்.

“ஆச்சி, வாரீகளா, இறங்குறீகளா?” என்றார் கண்டக்டர்.

“ரெண்டு நிமிசம் பொறுங்க. சீடை எடுத்துக்கங்க” என்று டப்பாவை நீட்டினாள் தாய்.

அவர் மென்று முடிப்பதற்குள் பெண்ணின் தகப்பனார், அந்த அப்பச்சியே, சைக்கிளில் வந்துவிட்டார். விரலில் துணி சுற்றியிருந்தது. இன்னொரு டப்பாவை ஜன்னல் வழியே நீட்டினார்.

“சீடைன்னு கையை விட்டேன், குத்திருச்சு. நல்ல கூராத்தான் இருக்கு. போயி எறிஞ்சுட்டு வா. அந்த டப்பாவ இங்குட்டுக் குடு.”