முப்பது மூட்டைப் பசுமை

ஐயோ, அந்த நாற்காலி வேணாம் சார், அதுக்கு மூணு காலுதான். இப்படி வந்து இந்தத் தார்ப்பாய் மேல உக்காருங்க. கொஞ்சம் கல்லு மாதிரி இருக்கும், பொறுத்துக்கோங்க. முதலாளியும் புல் டாக்டரும் இப்ப வந்துடுவாங்க. நீங்க போட்டோ எடுப்பீங்கன்னு தெரிஞ்சதும் சட்டை மாத்தப் போனாங்க, இன்னும் காணோம். பாப்பா, சாரோட பேனாவக் குடுத்துடு. நல்ல புள்ளல்ல?

டாக்டர்லாம் இல்ல சார், அது நாங்க வெச்ச பேரு. புல்லுக்கு ஆலோசனை சொல்றவராம். நான் குதிரை லத்தி அள்ளறவ. இந்த மேய்ச்சல் வெளி எப்படி இவ்ளோ பச்சையாச்சுன்னு எழுத வந்திருக்கீங்க, என்னைக் கேட்டு என்ன ஆகப்போகுது?

சரி, அவங்க வர்ற வரைக்கும் பொழுது போகணுமில்ல, சொல்றேன்.

புல் டாக்டர் முதல்நாள் வந்தப்போ வெள்ளை ஷூ போட்டிருந்தாரு. அதனால வேலிக்கு உள்ள வரல. வெளியில நின்னே பாத்தாரு. ஒரு பக்கம் புல்லு முழங்கால் உயரம், இன்னொரு பக்கம் மொட்டையடிச்ச மாதிரி. உயரமான புல்லக் குதிரைங்க ஏன் தின்னலன்னு ரொம்ப நேரம் யோசிச்சாரு. சத்து பத்தல, அதனால ருசி இல்லன்னுட்டாரு. எனக்கு வாய் சும்மா இருக்குமா? சார், குதிரை ஒரே மூலையிலதான் லத்தி போடும், போட்ட எடத்துல மேயாது, நீங்க கக்கூஸ்ல தட்டு வெச்சுச் சாப்பிடுவீங்களான்னு கேட்டுட்டேன். முதலாளி என்னை மொறச்ச மொறைப்பு இருக்கே! எங்க வீட்டுக்காரரு பின்னாடி நின்னுக்கிட்டு என் முந்தானையைப் பிடிச்சு இழுக்கறாரு.

அந்த வருசம் அவரு சொன்னபடியே யூரியா உரம் போட்டோம். நான்தான் போட்டேன், என் கையாலயே. மழையும் பேஞ்சுது. புல்லு தளதளன்னு வந்துச்சு, படம் புடிச்சு ஆபீஸ் சுவத்துல மாட்டுனாங்க. குட்டைக் குதிரை ஒண்ணு இருக்கு, சீமாட்டின்னு கூப்புடுவோம், நாள் பூரா அதுலயே கெடந்து மேஞ்சா. ஒருநாள் காலையில பாத்தா முன்னங்கால நீட்டி, பின்னால சாஞ்சுக்கிட்டு, அடுப்பு மேல நிக்கறவ மாதிரி நிக்கறா. ஒரு அடி நகர மாட்டேங்கறா. குளம்புக்குள்ள வீக்கம் சார். நெஜ டாக்டர், அதான் கால்நடை டாக்டர் வந்து, புல்லு அளவுக்கு மீறிச் சத்தாயிடுச்சு, உடம்பு தாங்கலன்னாரு. மூணு மாசம் ஐஸ் தண்ணியில அவ கால வெச்சுக்கிட்டு நானும் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். என் புள்ள பல்லு மொளைக்கறப்போ கூட அவ்ளோ அழல, அவ கண்ணுல அப்படித் தண்ணி.

புல் டாக்டர் என்ன சொன்னாருன்னு கேக்கறீங்களா? லாடம் சரியில்லன்னாரு. லாடம் அடிக்கறவரை மறுநாளே அனுப்பிட்டாங்க. இருபது வருசமா வந்த மனுஷன்!

ஆமாமா, இந்த வருசத் திட்டம்தான் உங்க கையில இருக்கற புத்தகம். அட்டையில புல் டாக்டரேதான், ஒரு புல்லு நுனியைக் கையில புடிச்சுக்கிட்டு. போன தடவை யூரியா பத்து மூட்டை, இந்தத் தடவை முப்பது. எழுதிக்கோங்க, எழுதிக்கோங்க.

இந்த வருசம் நான் பண்ணதா? பெருசா ஒண்ணுமில்ல. தினமும் காலையில லத்திய அள்ளிக் குவிச்சேன். குவியலுக்குள்ள கை வெக்க முடியாத சூடு வரும், அதுல புழு முட்டையெல்லாம் செத்துரும். ஆறு மாசம் மக்க விட்டுத் தூளா எறைச்சேன். குதிரைங்க தின்னாம விட்ட உயரமான புல்லுக்கு, பால்காரரோட மூணு மாட்டப் பின்கதவு வழியா விட்டேன். அதுங்களுக்கு அந்த அருவருப்பெல்லாம் கிடையாது. விஷச்செடியை வேரோட புடுங்குனேன். அப்புறம் கேட்டைச் சாத்தி, குதிரைங்கள உள்ள விடாம, மேய்ச்சல் வெளியை ஆறு வாரம் தூங்க விட்டேன். புள்ளைய வளக்கறதும் இதேதான், எந்நேரமும் ஊட்டிக்கிட்டே இருந்தா எப்படி?

முதலாளிக்குத் தெரியாது சார். மாடு வந்தா பண்ணைக்குக் கௌரவக் குறைச்சலாம். அவரு மத்தியானம் தூங்குவாரு, அப்பத்தான் மாடு வரும்.

நீங்க எதுக்கு இப்ப அந்தத் தாளைத் திருப்பறீங்க? மேல்பண்ணையா? இதே முப்பது மூட்டைக் கணக்க அங்கயும் போடப் போறாங்களா? அங்க எத்தனை குதிரை? பதினாலும் சினையா இருக்கற குதிரைங்களா? யூரியா லாரி நாளைக்கே கெளம்புதா?

அடக் கடவுளே.

சார், நான் இந்த வேலையில இருக்கணும். வீடு பண்ணைக்குள்ளதான், வேலை போனா அன்னிக்கே சட்டி பானையோட ரோட்டுல நிக்கணும். எங்க வீட்டுக்காரரு நூறு தடவை சொல்லி வெச்சிருக்காரு, யார் வந்தாலும் சிரிச்சுட்டு சும்மா இரு, உனக்கு வாயில பூட்டில்லன்னு. அதுவும் நெஜம்தான். இந்த வருசம் யூரியா போட்டாச்சான்னு முதலாளி கேக்கறப்பல்லாம் ஆச்சுங்க ஆச்சுங்கன்னு சிரிச்சேனே, அப்ப மட்டும் பூட்டு நல்லா வேலை செஞ்சுது.

அதோ, வர்றாங்க பாருங்க. ரெண்டு பேரும் ஒரே கலர் சட்டை! பாப்பா, கீழ எறங்கு, சார் எந்திரிக்கட்டும். எழுதறதும் எழுதாததும் உங்க இஷ்டம், என் பேரப் போட்டாலும் சரி. லாரி மட்டும் போகக் கூடாது.

என்ன ஆதாரமா? எந்திரிச்சு அந்தத் தார்ப்பாய் முனையத் தூக்கிப் பாருங்க சார். எண்ணிக்கோங்க, முப்பது மூட்டையும் இருக்கும். ஒண்ணக்கூடப் பிரிக்கல, ஈரத்துல கட்டி தட்டிப் போச்சு. அதான் அப்பவே சொன்னேனே, உக்காந்தா கல்லு மாதிரி இருக்கும்னு.